கையால் கட்டும் வேப் காயிலில் பஞ்சுத் திரி மாற்றுவது எப்படி

சூடாகும் கம்பிச் சுருளையும் (காயில்) பஞ்சுத் திரியையும் நாமே மாற்றிக்கொள்ளும் ரீபில்டபிள் ஆட்டமைசர் பக்கம் புதிதாக வருபவர்களின் புகார் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, இழுத்தால் தீய்ந்த வாடை. மற்றது, காற்றுத் துளை வழியாக லிக்விட் ஒழுகிக் கையெல்லாம் பிசுபிசுப்பு. உடனே காயிலை மாற்றுவார்கள், லிக்விடை மாற்றுவார்கள், வாட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். கோளாறு அநேகமாகப் பஞ்சில்தான் இருக்கும். காயிலுக்குள் எவ்வளவு பஞ்சு போயிருக்கிறது, வெளியே தொங்கும் வால் எங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டையும் சரிசெய்தால் மீதியெல்லாம் தானாகவே வழிக்கு வரும்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இந்தக் குறிப்புகள் பிரிட்டன் மாதிரி வேப்பிங்குக்கு அனுமதி உள்ள நாடுகளில் வாழும், ஏற்கெனவே சிகரெட்டை விட்டு இதற்கு மாறிய பெரியவர்களுக்கானவை. புகைப்பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. நிகோட்டின் கலந்த லிக்விட் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, புட்டி 10 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாமே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்ல முடியாது, அது லிக்விடைப் பொறுத்தது. சுக்ரலோஸ் சேர்த்த இனிப்பான கேக், கஸ்டர்ட் வகை லிக்விட் ஒன்றிரண்டு நாளிலேயே காயிலில் கருப்பாகப் படிந்துவிடும். இனிப்பூட்டி இல்லாத புதினா, பழ வகைகளில் அதே பஞ்சு ஒரு வாரம் வரைகூடத் தாங்கும். சுவை மங்கும், புகை குறையும், தொண்டையில் இலேசாகக் கரகரக்கும்; டேங்கை (லிக்விட் தொட்டியுள்ள ஆட்டமைசர்) திறந்து பார்த்தால் காயிலை ஒட்டிய பஞ்சு காப்பி நிறத்தில் இருக்கும். இதில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே மாற்றிவிடலாம். ஒருமுறை பஞ்சு தீய்ந்துவிட்டால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம். தீய்ந்த நார் மறுபடி நனைந்தாலும் வாடை போகாது. மேலே லிக்விட் ஊற்றிச் சமாளிப்பது நேரத்துக்குக் கேடு, நுரையீரலுக்கும் கேடு.

கைவசம் இருக்க வேண்டியவை

நல்ல முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் (மழுங்கிய கத்தரி பஞ்சை வெட்டாமல் இழுக்கும்), முனை செராமிக்கால் ஆன இடுக்கி, டேங்குடன் வந்த ஸ்க்ரூடிரைவர் அல்லது ஆலன் கீ, மெல்லிய கம்பி முனை ஒன்று, மென்மையான சிறு பிரஷ், டிஷ்யூ காகிதம். வாட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, காயிலின் மின்தடையை ஓமில் காட்டும் ரெகுலேட்டட் மாட் (பேட்டரியும் பட்டனும் உள்ள பகுதி) கட்டாயம். சர்க்யூட்டே இல்லாத மெக்கானிக்கல் மாடில் புதியவர்கள் கைவைக்க வேண்டாம். கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்: முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட், காயில் 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் ஓடும். 20 ஆம்பியர் தாங்கும் 18650 பேட்டரிக்கே அது அதிகம். தடுத்து நிறுத்த உள்ளே ஒரு சில்லும் கிடையாது.

பஞ்சு விஷயத்தில் கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கத் தேவையில்லை. முஜியின் வெளுக்காத பஞ்சுத் தாள் மாதிரியான, வாசனையோ லோஷனோ சேர்க்காத முகப் பஞ்சு போதும். மேலும் கீழும் உள்ள இறுகிய தோலை உரித்துவிட்டு நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை எடுக்க வேண்டும். காட்டன் பேக்கன் போல வேப்பிங்குக்கென்றே வருவதும் நல்லது, முதல் சில இழுப்புகளில் பஞ்சு வாடை குறைவாக இருக்கும். முனையில் ஷூ லேஸ் போல பிளாஸ்டிக் குழல் மாட்டிய அளவெடுத்த திரிகளும் கிடைக்கின்றன. இவை பெரும்பாலும் 3 மிமீ உள்விட்டக் காயிலுக்கென்று செய்தவை, கைப்பழக்கம் வராதவருக்கு நல்ல தொடக்கம். 2.5 மிமீ காயிலில் அதையே திணித்தால் தீய்ந்த வாடைதான் வரும். நடுவிலிருந்து கொஞ்சம் நாரை உருவிவிட்டுப் போட வேண்டும். மருந்துக் கடையில் காயத்துக்கு வைக்கும் பஞ்சைப் பயன்படுத்த வேண்டாம், அதில் பஞ்சோடு செயற்கை இழை கலந்திருக்கலாம். பல செயற்கை இழைகள் சூட்டில் உருகும்.

பழைய திரியை எடுப்பது

டேங்கில் மீதமிருக்கும் லிக்விடை வெளியே ஊற்றிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். மாடை அணைத்துவிட வேண்டும். பையர் பட்டன் தெரியாமல் அழுந்தினால் விரல் வெந்துபோகும். திரியின் ஒரு பக்க வாலைக் காயிலை ஒட்டி வெட்டிவிட்டு, மறுபக்க வாலை இடுக்கியால் பிடித்து, காயில் சுற்றியிருக்கும் திசையிலேயே மெல்லத் திருகியபடி இழுத்தால் வந்துவிடும். காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு சொட்டு லிக்விட் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பலவந்தமாக இழுத்தால் காயிலின் கால் வளைந்து, டெக்கின் (காயிலைப் பொருத்தும் அடித்தளம்) சுவரில் போய் முட்டும். புதியவர்கள் காணும் ஷார்ட் சர்க்யூட்டில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

காயிலைச் சுத்தம் செய்வது

இதை உலர் எரிப்பு என்பார்கள். பஞ்சு இல்லாத காயிலைக் குறைந்த வாட்டில் சூடாக்கி, படிந்த கரியைப் பொசுக்கி உதிர்ப்பது. கந்தால், நைக்ரோம், எஸ்எஸ் 316 எல் என்ற மூன்று கம்பிகளுக்கும் இது பொருந்தும். நிக்கல் 200, டைட்டானியம் இரண்டையும் ஒருபோதும் இப்படிச் சூடாக்கக் கூடாது. கம்பி எதுவென்று தெரியாவிட்டால் எரிக்காமல் புதுக் காயில் போடுவதே உத்தமம். டெம்பரேச்சர் கண்ட்ரோலில் (காயிலின் வெப்பத்தை மாடே கட்டுப்படுத்தும் முறை) ஓட்டுபவர்கள் முதலில் வாட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒற்றைக் காயிலுக்கு 10 முதல் 15 வாட் வைத்து, ஒரு விநாடி அழுத்தி விடுங்கள், பிறகு இன்னொரு விநாடி. புகை வரும், கரி சுருளும். காயில் மங்கிய செம்மஞ்சளாகத் தெரிந்தால் போதும், வெள்ளையாகப் பழுக்கும்வரை பிடித்திருக்கக் கூடாது. அதிகச் சூடு உலோகத்தின் தன்மையையே கெடுக்கும். கிரேக்க ஆய்வாளர் கான்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோஸ் உலர் எரிப்பே வேண்டாம் என்று 2015இல் எச்சரித்ததும் இந்தக் காரணத்தால்தான். அவர் பேச்சைக் கேட்டுப் பழகுவதில் தப்பில்லை: நேரான ஒற்றைக் கம்பி மலிவு, ஐந்தே நிமிடத்தில் புதிதாகச் சுற்றிவிடலாம். விலை கொடுத்து வாங்கிய கிளாப்டன் (கம்பியின் மேல் மெல்லிய கம்பி சுற்றிய வகை) காயிலுக்குத்தான் சுத்தம் செய்யும் பாடு பொருந்தும். அதன் மேல்சுற்றுக் கம்பிகளுக்கு இடையே கரி புகுந்துகொள்வதால் ஒரே தடவையில் போகாது. எரித்து, ஆறவிட்டு, துலக்கி, மறுபடி எரிக்க வேண்டும்.

எரிக்கும்போது காயிலைக் கவனியுங்கள். நடுவில் தொடங்கி இரு ஓரத்துக்கும் சமமாகச் சிவக்க வேண்டும். ஓர் ஓரம் மட்டும் முந்திச் சிவந்தால், அல்லது ஒரே ஒரு சுற்று தனியாகப் பளிச்சிட்டால், மாடை அணைத்துவிட்டு செராமிக் இடுக்கியால் சுற்றுகளைப் பக்கவாட்டில் இலேசாக நெருக்குங்கள், அல்லது முனையால் வருடிவிடுங்கள். கால்களைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும், ஆகவே அதையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

காயில் முழுதாக ஆறிய பிறகு ஆட்டமைசரை மாடிலிருந்து கழற்றி வெதுவெதுப்பான நீரில் பிரஷ்ஷால் துலக்குங்கள். பழுக்கச் சூடான காயிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி 'சொய்ங்' என்று கரி உதிர்வதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், கம்பிக்கு நல்லதல்ல. துடைத்து, இணைப்புப் பகுதியில் ஈரமே இல்லை என்று உறுதி செய்தபின் மாடில் மாட்டி ஓமைப் பாருங்கள். 0.4 மிமீ கந்தால் கம்பியை 3 மிமீ உள்விட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 0.8 ஓம் வரும். பழைய அளவோடு ஒத்திருந்தால் மேலே போகலாம். எண் ஆடிக்கொண்டே இருந்தால் திருகு தளர்வு. திடீரென்று பாதியாகிவிட்டால் காயில் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. இரட்டைக் காயிலில் இருமடங்கு காட்டினால் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை.

திரி போடுவது

இனிதான் கைப்பக்குவம். பஞ்சின் நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். இரு பக்கமாகவும் மெல்ல இழுத்தால் ஒரு திசையில் எளிதாகப் பிரியும், மறு திசையில் தாங்கும். தாங்குகிற திசைதான் நார் ஓடும் திசை, அதுவே திரியின் நீளமாக வேண்டும். குறுக்கு நாரில் வெட்டிய திரி லிக்விடைச் சரியாக ஏற்றாது, காயிலுக்குள் இழுக்கும்போதே பிய்ந்தும் போகும்.

3 மிமீ காயிலுக்கு 8 முதல் 10 மிமீ அகலமுள்ள பட்டையில் தொடங்கலாம், நீளம் 6 செமீ இருந்தால் கை பிடிக்க வசதி. தாளுக்குத் தாள் தடிமன் மாறுவதால் இந்த அகலம் தொடக்கப் புள்ளிதான், தீர்ப்பு சொல்ல வேண்டியது விரல். ஒரு முனையை மட்டும் விரலால் முறுக்கிக் கூராக்கிக் காயிலுக்குள் நுழைத்து, மறுபக்கம் பிடித்து இழுங்கள். உடல் பகுதியை முறுக்கக் கூடாது. முறுக்கினால் நார்களுக்கு இடையே லிக்விட் ஓடும் வழி அடைபடும்.

இப்போது திரியை முன்னும் பின்னும் ஓரிரு மிமீ அசைத்துப் பாருங்கள். காயில் சற்றே கூட வர வேண்டும், ஆனால் கால் வளையக் கூடாது. ஒரு தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பஞ்சு போதாது. அந்த இடைவெளியில் காயில் பஞ்சைத் தொடாமல் வெறுமனே சுடும், லிக்விட் தெறித்து உதட்டைச் சுடும், டேங்கும் ஒழுகும். இழுக்க இழுக்கக் காயில் கோணலாகிச் சுற்றுகள் விரிந்தால் பஞ்சு அதிகம். வெளியே எடுத்து, பட்டையிலிருந்து நீளவாக்கில் ஒரு மெல்லிய இழையை உரித்துவிட்டு மறுபடி போடுங்கள். பஞ்சு நனைந்ததும் ஊதும் என்பதை மனதில் வைத்தால் 'இன்னும் கொஞ்சம் போகுமே' என்று திணிக்கத் தோன்றாது. அகல் விளக்கில் தடிமனாக முறுக்கிய திரி எண்ணெய் இருந்தும் கருகுவது போலத்தான் இதுவும்.

சரியாக உட்கார்ந்ததும், முறுக்கி நுழைத்த அந்த முனையை வெட்டி எறிந்துவிடுங்கள். அது நசுங்கிய பஞ்சு, உறிஞ்சாது.

வாலை வெட்டுவது

ட்ரிப்பருக்கும் (தொட்டி இல்லாமல், லிக்விடைச் சொட்டுவிட்டு ஓட்டும் வகை) டேங்குக்கும் வழி பிரியும் இடம் இது. ட்ரிப்பர் எளிது: இரு வாலையும் டெக்கின் வெளி விளிம்பு அளவுக்கு வெட்டி, நுனியைக் கோதிவிட்டு, கீழே உள்ள லிக்விட் குழியில் மடித்து வைத்தால் முடிந்தது. நுனி குழியின் அடியைத் தொட்டால் போதும். காயிலுக்கு அடியில் பஞ்சு மொத்தையாகச் சேர்ந்து காற்று வரும் வழியை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டேங்கில்தான் ஆட்டம். அங்கே வாலின் வேலை இரண்டு, அவை ஒன்றுக்கொன்று முரண். லிக்விட் துளையை முழுதாக மூடி, தேவைக்கு மேல் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். அதே நேரம், உள்ளே போன லிக்விடுக்கு ஈடாகக் காற்றுக் குமிழி அதே துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பவும் வழி விட வேண்டும். குமிழி திரும்பாவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி லிக்விட் இறங்காது. டேங்க் நிறைய லிக்விட் இருக்கும்போதே தீய்ந்த வாடை வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

ஆகவே, காயிலுக்குள் இறுக்கம், வாலில் தளர்வு. வாலை அடித்தளத்தின் வெளி விளிம்புக்கு நேராக வெட்டுங்கள். நேர்வெட்டாக இல்லாமல் 45 டிகிரி சாய்வாக வெட்டினால் நுனி மெலிந்து துளைக்குள் எளிதில் இறங்கும். பிறகு இடுக்கியின் ஒற்றை முனையால் வாலைச் சீவுங்கள்: காயிலை ஒட்டிய இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நுனிவரை கோதிக் கோதி இழுத்தால் உதிரி நார்கள் கையோடு வரும். மூன்றில் ஒரு பங்கு பஞ்சு குறையும்வரை சீவலாம். வால் மேகம் மாதிரி உப்பலாக நிற்க வேண்டும், கயிறு மாதிரி அல்ல.

கம்பி முனையால் வாலை மெல்லத் தள்ளித் துளையின் மேல் உட்கார வையுங்கள். அழுத்தித் திணிக்க வேண்டாம். நுனி துளையின் அடியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சரி. பிறகு டெக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். துளையின் மூலையில் பஞ்சு இல்லாத சந்து தெரிந்தால் அங்கிருந்துதான் ஒழுகும், ஒரு சின்ன இழையை அங்கே ஒதுக்கிவிடுங்கள். திருகு மரையிலோ ஓ-ரிங்கிலோ ஒற்றை நார் மாட்டியிருந்தாலும் போச்சு; அந்த நார் வழியாகவே லிக்விட் சொட்டுச் சொட்டாக வெளியேறும். இரவில் மேசையில் வைத்த டேங்க் காலையில் குளம் கட்டி நிற்பதற்கு இந்த ஒற்றை நார் போதும்.

லிக்விடின் கெட்டித்தன்மையும் கணக்கில் சேர வேண்டும். வெஜிடபிள் கிளிசரின் 70 பங்கு, புரொப்பிலீன் கிளைகால் 30 பங்கு உள்ள லிக்விட் கெட்டியானது, மெதுவாக ஏறும். வாலை இன்னும் மெலிதாக்குங்கள். சரிபாதிக் கலவை தண்ணீர் மாதிரி ஓடும், வால் சற்று அடர்த்தியாக இருந்தால்தான் நிற்கும். ஒரு லிக்விடுக்குப் பொருந்திய வெட்டு இன்னொன்றில் ஒழுகினால் கையில் குறை சொல்ல வேண்டாம்.

நனைத்து ஓட்டுவது

மூடியைப் போடும் முன்பே பஞ்சை முழுதாக நனைக்க வேண்டும். முதலில் இரு வாலிலும், பிறகு காயிலின் மேலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும்; காயிலுக்கு அடியில் வெள்ளைத் திட்டு மிஞ்சியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 10 முதல் 15 வாட்டில் இரண்டு மூன்று முறை ஒரு விநாடி அழுத்தினால் பஞ்சு இன்னும் உள்ளிழுக்கும், மேலே மறுபடி ஒரு சொட்டு. காயிலின் எல்லாச் சுற்றிலும் ஆவி சமமாகக் கிளம்பினால் திரி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேங்கி நிற்கும் மிச்ச லிக்விடை டிஷ்யூ நுனியால் ஒற்றியெடுத்துவிட்டு மூடுங்கள்.

டேங்கை நிரப்பும்போது அடிப்பக்கக் காற்றுத் துளையை மூடி வைத்து, மேல்மூடியைத் திருகி முடித்தபின் திறக்க வேண்டும். மூடியைத் திருகும்போது உள்ளே அழுத்தம் கூடி லிக்விட் திரிக்குள் தள்ளப்படும். துளை மூடியிருந்தால் அது வெளியே வர வழியிருக்காது. ஐந்து நிமிடம் பொறுங்கள், கெட்டி லிக்விடுக்குப் பத்து. முதல் சில இழுப்புகளை வழக்கத்தைவிட 5 முதல் 10 வாட் குறைத்து இழுங்கள். தொட்டிக்குள் குமிழி மேலே போவதைக் கண்டால் வாட்டைப் படிப்படியாகக் கூட்டலாம். டெம்பரேச்சர் கண்ட்ரோலுக்குத் திரும்புபவர்கள், காயில் அறை வெப்பத்தில் இருக்கும்போது மட்டுமே ஓமைப் பூட்ட (மாடில் அடிப்படை அளவாகப் பதிய) வேண்டும். சூடாக இருக்கையில் பூட்டினால் மாட் போடும் கணக்கு எல்லாமே தப்பும்.

கோளாறு வந்தால்

தீய்ந்த வாடை முதல் இழுப்பிலேயே வந்தால் திரி நனையவில்லை, அல்லது காயிலுக்குள் பஞ்சு அதிகம். நாலைந்து இழுப்புக்கு நன்றாக இருந்து பிறகு தீய்ந்தால் வால் அடைப்பு. விட்டு விட்டு இழுத்தால் வராமல், தொடர்ந்து இழுத்தால் மட்டும் வருவதும் அதுவே. வாட்டைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பது தற்காலிகம், திறந்து வாலைச் சீவுவதே மருந்து.

உள்ளே கொப்புளித்துச் சூடான துளி வாய்க்குத் தெறித்தால் காயிலில் லிக்விட் தேங்கியிருக்கிறது. டிஷ்யூவைச் சுற்றிக்கொண்டு ஊதித் தள்ளிவிட்டு, சற்று அழுத்தி ஓட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் காயிலுக்குள் பஞ்சு குறைவு. பட்டனை அழுத்தாமலே பலமாக இழுத்துப் பார்க்கும் பழக்கமும் இதற்குக் காரணம். ஒழுகல் நிரப்பியவுடன் வந்தால் வாலில் சந்து அல்லது ஓ-ரிங் இடம் மாறியிருக்கும். தொட்டி பாதி காலியான பிறகு மட்டும் வந்தால் வால் குட்டை.

பஞ்சும் சரி, ஓமும் சரி, சுவை மட்டும் மந்தமாக இருக்கிறதா? காயிலின் உயரத்தைப் பாருங்கள். காற்றுத் துளைக்கும் காயிலுக்கும் இடையே 1.5 முதல் 2 மிமீ இருந்தால் போதும். மிக உயரே நின்றால் காற்று காயிலைத் தழுவாமல் விலகிப் போகும்.

கழற்றிய பழைய திரியில் நிகோட்டின் இருக்கும். மேசையிலோ சாம்பல் கிண்ணத்திலோ விட்டுவைக்காமல், டிஷ்யூவில் சுற்றி, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் திறக்க முடியாத மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். கையில் லிக்விட் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். உறை கிழிந்த 18650 பேட்டரியை அன்றே ஒதுக்கிவிடுங்கள். அதை வீட்டுக் குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் பெட்டியில் சேர்க்க வேண்டும்.